ஊளை அழைக்கிறது

பெட்டிக்கு முன்னால் ஏழு ஷெல்பெக் அடுக்கி வைத்திருந்தார்கள்.

எண்ணெயில் பொரித்த இந்த மெல்லிய ரொட்டியை எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் சுடுவார்கள். அதன் வாசனை இறந்தவர்களைப் போய்ச் சேரும் என்று நம்பிக்கை. ஆனால் ஒரு ரேடியோப் பெட்டிக்கு ஷெல்பெக் படைத்து நான் பார்த்ததில்லை. பெட்டிக்கு வெள்ளைத் துணி வேறு போர்த்தியிருந்தார்கள். அறை முழுக்க அதிராஸ்பான் புகை. பேயை விரட்டக் கொளுத்தும் செடி அது. பேய் போகிறதோ இல்லையோ, இருமல் நிச்சயம் வரும்.

"அக்கா, ஒண்ணு எடுத்துக்கட்டுமா? காலையிலேர்ந்து பட்டினி."

"பேய்க்கு வச்சதுடா அது."

"ஏழையும் அதுவே தின்னா அதுக்கும் வயிறு கெட்டுப்போகும்."

குன்சுலு அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அல்மாத்தி நகரப் போலீஸில் இருபது வருடம் கொலைக் கேஸ்களோடு மல்லுக்கட்டிவிட்டு, மேலதிகாரியோடு மல்லுக்கட்ட முடியாமல் வெளியே வந்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். கார் ஓட்டுவதும் கம்ப்யூட்டரைக் குடைவதும் என் வேலை. பேர் யெர்மெக். பேசுவது எனக்கு வேலை இல்லை, வியாதி என்பார் அக்கா.

எங்களை இந்தக் கோக்பெல் கிராமத்துக்கு அழைத்து வந்தவன் சயான். அல்மாத்தியில் பல் டாக்டர். முகத்தைப் பார்த்தால் தூங்கிப் பல நாள் ஆனது போல் இருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லு சயான். அவசரப்படாம சொல்லு" என்றார் அக்கா.

"போன வெள்ளிக்கிழமை அப்பா மலைக்குப் போனார் அக்கா. மேலே நின்னுட்ட கடைசிக் குதிரைகளை ஓட்டிட்டு வர. திரும்பலை. அவர் ஏறிப்போன குதிரை மட்டும் கிழக்குப் பள்ளத்தாக்குல மேய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. அன்னிலேர்ந்து மீட்புக்காரங்க அங்கேதான் தேடுறாங்க. நாளைக்குப் பெரிய பனி வருதாம். வந்துட்டா தேடுறதை நிறுத்திடுவோம்னு சொல்லிட்டாங்க."

"அப்பா பேரு?"

"போரிபாய்."

போரி என்றால் ஓநாய். ஓநாய் போலப் பிழைத்துக் கிடக்கட்டும் என்று அந்தக் காலத்தில் வைத்த பேர். பேருக்கேற்ற மாதிரி இந்த ஒரு தடவையாவது பிழைத்துக் கிடக்க வேண்டுமே என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"அவர்கிட்ட ரேடியோ இல்லையா?" என்று கேட்டேன். இந்த ஊர் மேய்ப்பர்கள் எல்லோருக்கும் அவர்கள் சங்கத்தில் ஒரு கையகலக் கருவி கொடுத்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு பொத்தான். ஆபத்து என்றால் அமுக்க வேண்டும். உடனே இங்கே சங்க அறையில் பெட்டி அலறும், திரையில் ஆள் பேர் வரும்.

"அப்பா அதை வாங்கவே இல்லைன்னு அண்ணன் சொல்றார். பெட்டியும் அதையேதான் சொல்லுது."

"அப்புறம் பேய் எங்கேர்ந்து வந்துச்சு?"

சயான் துணி போர்த்திய பெட்டியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"சனிக்கிழமையிலேர்ந்து பொழுது சாயற நேரத்துக்கு இது அலறுது. திரையில 'ஊளை'ன்னு வருது. அவ்வளவுதான். அப்படி ஒரு பேர் ஊர்லயே கிடையாது. எல்லாரும்... அண்ணியைச் சொல்றாங்க."

அண்ணி என்றால் பல்ஜான். அவன் அண்ணன் மெய்ராமின் மனைவி. இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். எல்லாருடைய பேரையும் அதற்குள் ஏற்றியதும் அவள்தான். மார்ச் மாதம் இறந்துபோனாள். ஊருக்கு வெளியே குளிர்கால வீட்டில் இருந்தபோது வயிற்று வலி வந்தது. குடல்வால் வெடித்துவிட்டது. வீட்டில் இருந்த ஒரே ஜீப்பை எடுத்துக்கொண்டு மாமனார் போரிபாய் பக்கத்து ஊருக்குக் கொக்பார் பார்க்கப் போயிருந்தார். ஆட்டுக் கிடாவுக்காகக் குதிரைக்காரர்கள் அடித்துக்கொள்ளும் ஆட்டம் அது. பார்க்க உட்கார்ந்தால் வீடு வாசல் மறந்து போகும். போனையும் அணைத்து வைத்திருந்தார். அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

"பொழுது சாயறப்போதான் அண்ணி போனாங்க. அதனாலதான் ஊர்ல அப்படிப் பேசுறாங்க" என்றான் சயான்.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் எடுத்த ஷெல்பெக்கைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

கதவு திறந்தது. மெய்ராம் வந்தான். நாற்பது வயது, கனத்த தோள், இடுப்பு வாரில் ரேடியோ. மனைவி போனபிறகு பெட்டி அவன் பொறுப்பு. எங்களுக்குத் தலையசைத்துவிட்டு, துணியை விலக்கி, 'போரிபாய்' என்று தட்டினான்.

*அப்படி யாரும் இல்லை* என்றது திரை.

"பார்த்துக்கோங்க. தம்பிக்கு அல்மாத்தியில காசு மரத்துல காய்க்குது. உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கான்" என்றான்.

"அப்போ அந்த ஊளை யாரு?" என்றார் அக்கா.

"கோடையில இடி விழுந்துச்சு. பெட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"இடி விழுந்தா கருகிப்போகும் அண்ணே. கவிதை எழுதாது" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் தகவல் கோப்பை என் மடிக்கணினிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சங்கத் தலைவரிடம் சயான் முன்பே அனுமதி வாங்கியிருந்ததால் அவனால் மறுக்க முடியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சின்னத் தகவல் கிடங்கு. இண்டர்நெட் கிடையாது, தூரத்துச் சர்வர் கிடையாது. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரே கோப்பாக அடங்கியிருந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார் அக்கா.

"தியேட்டர்ல கோட்டைக் கழற்றிக் கொடுத்தா ஒரு டோக்கன் தருவாங்கள்ல? அந்த மாதிரி. ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரு எண். எண்ணைச் சொன்னா கோட்டு வரும். அதாவது ஆளோட விவரம் வரும்."

"டோக்கனைத் தொலைச்சுட்டா?"

"அங்க ஒரு கெட்டிக்கார அம்மா இருப்பாங்க. 'நரித்தோல் தொப்பிக்காரரா, உங்களுது பன்னிரண்டு'ன்னு சொல்லுவாங்க. அதுதான் இரண்டாவது சாவி. கோட்டைக் கொடுக்காது, டோக்கன் எண்ணைக் கொடுக்கும். இந்தப் பெட்டியில அப்படி ஒரே ஒரு இரண்டாவது சாவிதான் இருக்கு. பேரு. பேரைத் தப்பா ஏத்தியிருந்தா ஆள் உள்ளேயே இருப்பான், ஆனா யார் கூப்பிட்டாலும் வரமாட்டான்."

"பேய் மாதிரி" என்றான் சயான்.

அந்த நேரத்தில் பெட்டி அலறியது.

எத்தனையோ கருவிகளின் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். இது வேறு. தாழ்வாகத் தொடங்கி, நீண்டு, மேலே போய், திடீரென்று அறுந்தது. மறுபடி தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சிவந்து மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ ஒரு கிழவி பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. திரையில் ஒரே ஒரு சொல்.

*ஊளை.*

உண்மையைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? பயந்துவிட்டேன். மெய்ராம் எழுந்து வந்து, திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்திலிருந்த பொத்தானை அமுக்கினான். சத்தம் நின்றது. போய் உட்கார்ந்துகொண்டான்.

அக்கா அவனையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"யெர்மெக், ஊர்ல எல்லாருக்கும் நடுங்குது. உனக்கும் நடுங்குது."

"எனக்குக் குளிர்க்கா."

"இவருக்கு மட்டும் நடுங்கலை." குரலைத் தாழ்த்தி இதைச் சொன்னவர், உடனே சத்தமாகக் கேட்டார். "பேரைத் தவிர அந்த விவரத்துல வேற என்ன இருக்கு?"

"பிறந்த வருஷம், வீட்டு போன் நம்பர்."

"அப்போ பேரை விடு. வீட்டு போனைச் சாவியாக்கு. பேர்ல தப்பு பண்ணலாம். சொந்த வீட்டு நம்பரை யாரும் தப்பா எழுதமாட்டாங்க."

நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. கிடங்கில் இருந்த ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, அதிலிருந்து வீட்டு போனை உருவிச் சாவியாக்கி, எதிரே ரேடியோ எண்ணை வைக்கும்படி சில வரிகள் எழுதினேன். சயான் வீட்டு நம்பரைச் சொன்னான். தட்டினேன்.

ஒரே ஒரு விவரம் வந்தது. எண் ஐம்பத்திரண்டு. *குட்டி மிர்சா.* குட்டித் துரை என்று அர்த்தம்.

"அது நான்தான்!" சயான் கிட்டத்தட்டக் கத்திவிட்டான். "போன வருஷம் கோடையில புல்லறுக்க வந்தப்போ எனக்கும் ஒண்ணு கொடுத்தாங்க. அண்ணி என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. குட்டி மிர்சா... இங்கேயும் அப்படியே எழுதி வச்சிருக்காங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜன்னலோரத்திலிருந்து மெய்ராம் பேசினான். "போதுமா? அந்த வீட்டுல ஒரு ரேடியோதான். அது தம்பியோடது. அப்பாவுக்கு இல்லை. நான் மொதல்லயே சொன்னேன்."

எனக்கும் முகம் தொங்கிப்போனது. மடிக்கணினியை மூடப்போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"மெய்ராம், நீ எந்த வீட்டுல இருக்கே?"

"இது என்ன கேள்வி? அதே வீடுதான்."

"உன் இடுப்புல தொங்குறது என்ன, தேனடையா?"

நான் நெற்றியில் அறைந்துகொண்டேன். ஒரு வீட்டில் குறைந்தது இரண்டு ரேடியோ. என் சாவிக்கு ஒன்றுதான் அகப்பட்டது. பொய் சொன்னது பெட்டி இல்லை, நான் செய்த சாவி.

"அக்கா, நான் ஒரு கழுதை."

"தெரியும். ஏன்னு சொல்லு."

"ஒரே ஆணியில மூணு கோட்டை மாட்டினா மேலே இருக்கிறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இது அதைவிட மோசம். புதுக் கோட்டை மாட்டறதுக்காகப் பழசைக் கழற்றி எறிஞ்சுடும். ஒரே போன் நம்பர்ல பல பேர் இருந்தா கடைசியா வந்தவன் மத்தவங்களை விழுங்கிடுவான்."

"சரிபண்ண முடியுமா?"

"போன் நம்பரோட வாலுல ரேடியோ எண்ணையும் ஒட்டிடணும். அப்போ ஒவ்வொண்ணுக்கும் தனி ஆணி கிடைக்கும். ஆனா ஒரே வீட்டு ஆணிகள் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். வீட்டு நம்பர்ல ஆரம்பிக்கிறதையெல்லாம் கொடுன்னு கேட்டா மொத்தமா வந்துடும்."

எழுதுகையில் விரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் விழுந்தது. மெய்ராம் எழுந்து கதவுப்பக்கம் போனான். அக்கா நாற்காலியைச் சாவகாசமாக இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

திரையில் மூன்று விவரங்கள் வந்தன.

*பதினேழு — எங்க வீட்டுக்காரர்.*

*நாற்பத்தொன்று — ஊளை.*

*ஐம்பத்திரண்டு — குட்டி மிர்சா.*

முதல் வரியைப் பார்த்ததும் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றுபோனது.

"என்னக்கா?"

"நீ டவுன்ல வளர்ந்தவன். உங்கம்மா உங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. இங்கே மருமகள் வாயில புருஷன் பேரு வராது. மாமனார் பேரு வராது. கொழுந்தன் பேரு வராது. அந்தப் பேருக்கு அர்த்தம் இருந்தா அந்தச் சொல்லே வராது. என் மாமனார் பேரு ஓராக். அரிவாள்னு அர்த்தம். முப்பது வருஷமா நான் அரிவாளை 'வளைஞ்சது'ன்னுதான் சொல்றேன். ஒரு கொலைக் கேஸ்ல 'வளைந்த பொருளால் வெட்டினான்'னு எழுதி மேலதிகாரிகிட்ட திட்டு வாங்கியிருக்கேன்."

"அப்போ பல்ஜான்..."

"ஊர்ல எல்லார் பேரையும் ஒழுங்கா ஏத்தியிருக்கா. சொந்த வீட்டு ஆம்பளைங்க மூணு பேருக்கு வரும்போது மட்டும் விரல் ஓடலை. மாமனார் பேரு போரிபாய். ஓநாய். அவ ஓநாயை என்னன்னு சொல்லியிருப்பா?"

சயான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அப்போ தினமும் கூப்பிட்டது... இப்போ, கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டது..."

"உங்கப்பாதான். உயிரோட இருக்கார்."

அவன் அழுதானா சிரித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. மெய்ராமைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சயான் பட்டணத்துல இருக்கறவன். அவனுக்குத் தெரியாம இருக்கலாம். ஊர்க்காரங்களுக்கும் தெரியாது, அது உங்க வீட்டுக்குள்ள புழங்கின பேச்சு. நீ தினமும் காதால கேட்டவன் மெய்ராம். 'ஊளை வருது, டீ போடணும்'னு அவ சொல்லுவாளா மாட்டாளா?"

"சொல்லுவா" என்றான் மெய்ராம்.

அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டான்.

"சனிக்கிழமை அலறினதும் ஜீப் சாவியைக் கையில எடுத்துட்டேன். சத்தியமா எடுத்தேன். அப்புறம் திரையைப் பார்த்தேன். அவ எழுதினது. அவ பேசற மாதிரியே இருந்துச்சு. எனக்குக் கால் வரலை. அவ போன அன்னிக்கு அவளும் நானும் ஜீப்புக்காகக் காலையிலேர்ந்து வாசலைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தோம். இவரும் கொஞ்சம் கிடக்கட்டுமேன்னு தோணுச்சு. கொஞ்ச நேரம்தான்னு நினைச்சேன். மறுநாள் மறுபடி அந்தப் பேரு வந்துச்சு. அது வர்ற நேரத்துக்காக நான் காத்திருக்க ஆரம்பிச்சுட்டேன்."

சயான் அவன் மேல் பாய்ந்தான். அக்கா நடுவில் புகுந்தார்.

"அடிதடி அப்புறம். யெர்மெக், எங்கேர்ந்து கூப்பிட்டார்?"

ரேடியோ தன் இடத்தைச் சொல்லாது. ஆனால் மலைமேல் நிற்கும் ரேடியோக் கம்பங்களில் எது அதன் குரலைப் பிடித்தது என்பது கோப்பில் பதிவாகும். நாற்பத்தொன்றின் அழைப்புகளை மட்டும் பிரித்தேன். எல்லாமே மேற்குக் கம்பம். மீட்புக்காரர்கள் இத்தனை நாளும் கிழக்கே குதிரை மேய்ந்த இடத்தைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேற்குல என்ன இருக்கு?"

"ஊஷ்புலாக்ல ஒரு பழைய கல்வீடு. வேற ஒண்ணும் இல்லை" என்றான் மெய்ராம்.

"வழி தெரிஞ்சவன் நீதானே? ஜீப்பை எடு" என்றார் அக்கா.

மீட்புக்காரர்களுக்குப் போனில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பாதை என்று ஒன்று இல்லை. மெய்ராம் ஆற்றுப் படுகையிலேயே ஓட்டினான். அவன் பக்கத்தில் அக்கா, பின்னால் சயானும் நானும். ஒருவரும் பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். பனி மெல்ல விழத் தொடங்கியபோது முகப்பு விளக்கில் அந்தக் கல்வீடு தெரிந்தது. புகைபோக்கியில் புகை இல்லை.

சயான் ஜீப் நிற்பதற்குள் குதித்து ஓடினான்.

கிழவர் மூலையில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே கோணலாக மடங்கியிருந்தது. அடுப்பில் சாம்பல்கூடக் குளிர்ந்துவிட்டது. கையில் ஒரு துண்டு குர்த், காய்ந்த தயிர்க்கட்டி. அதை நக்கித்தான் உயிர் பிழைத்திருக்கிறார். சயான் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"அழாதேடா. குதிரை தள்ளிவிட்டுடுச்சு. தவழ்ந்து உள்ளே வந்துட்டேன்" என்றார். குரல் காற்றாக வந்தது. அக்கா குடுவையிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மிடறு உள்ளே போனதும் கண்ணில் உயிர் வந்தது.

"கீழே பாதை வரைக்கும் தவழ்ந்துடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். அப்போ கால்ல இவ்வளவு வீக்கம் இல்லை, தெம்பும் இருந்துச்சு. ஆனா எதுக்கு? அதான் விளக்கு எரிஞ்சுதே."

"என்ன விளக்கு தாத்தா?" என்று கேட்டேன்.

சட்டைக்குள்ளிருந்து ரேடியோவை எடுத்துக் காட்டினார். பொத்தானுக்குப் பக்கத்தில் மிளகளவு ஒரு கண்ணாடி.

"நான் அமுக்கினா கொஞ்ச நேரத்துல இது பச்சையா எரியும். அந்தப் பக்கம் ஆள் பார்த்துட்டான்னு அர்த்தம். பல்ஜான் சொல்லிக் கொடுத்தா. தினமும் எரிஞ்சுது. இன்னிக்கும் எரிஞ்சுது."

மெய்ராம் அமுக்கிய பொத்தான் சத்தத்தை மட்டும் நிறுத்துகிறது என்று நான் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் இருந்த குளிர் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பெட்டிகிட்ட இருக்கிறது மெய்ராம்தானே" என்றார் கிழவர். "அவன் பார்த்துட்டான், வந்துக்கிட்டே இருக்கான்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் எதுக்குத் தவழணும்? அவனை ஒண்ணும் திட்டிடாதீங்க. பாதை மூடியிருக்கும். இல்லாட்டி வேலை இருந்திருக்கும்."

சயான் வாயைத் திறந்தான். அக்கா அவன் தோளில் கையை வைத்து அழுத்தினார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவின் நெற்றியைத் தடவினான்.

வாசலில் பனியில் யாரோ முழங்கால் மடங்கி விழும் சத்தம் கேட்டது. கிழவர் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். இருட்டில் அவருக்குக் கண் தெரியவில்லை.

"யாரு அங்கே?"

கடைசியில் அக்காதான் சொன்னார்.

"உங்க மூத்த மகன்."

கிழவர் சயானின் கையைப் பிடித்து, உடைந்த பல் தெரியச் சிரித்தார்.

"பார்த்தியாடா? நான் சொல்லலை? வந்துட்டான்."